டிராக்டர் முன் அச்சில் ஆட்டமா? எதை மாற்றுவது?

சேற்றுழவு முடிந்ததும் பட்டறைக்கு வரும் டிராக்டர்கள் பலவற்றிலும் காணும் குறை ஒன்றே. ஸ்டியரிங் ஆடுகிறது, டயர் ஓரம் தேய்கிறது. "முன் அச்சு போய்விட்டது" என்று கூறி எல்லாப் பாகங்களையும் மாற்றச் சொல்வது எளிது. செலவு செய்பவர் விவசாயி. உண்மையில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் கைக்குள் அடங்கும் ஒரு புஷ்ஷாகவே இருக்கும்.

காரின் முன்பக்கத்தில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் உண்டு. நம் சிறு டிராக்டர்களில் இவை இல்லை. முன் அச்சு, நடுவிலுள்ள சென்டர் பின்னில் தராசுத் தண்டு போல ஆடுகிறது. வரப்பு ஏறும்போது உண்டாகும் அதிர்ச்சியில் டயர் தாங்கியது போக மீதி முழுவதும் பின்களையும் புஷ்களையும் பேரிங்குகளையும் சேர்கிறது. அச்சின் இரு நுனிகளிலும் உள்ள ஸ்பிண்டில், மேலும் கீழுமாக அமைந்த புஷ்களுக்குள் திரும்புகிறது. எடையைத் தாங்குவது திரஸ்ட் பேரிங். சக்கர ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உள்ளன. இரு சக்கரங்களையும் சேர்ந்து திரும்பச் செய்வது டை ராடு. அதன் நுனிகளில் பால் ஜாயிண்டுகள் உள்ளன. (இங்கே கூறுவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டருக்கே பொருந்தும்.)

சோதிக்கும் முன் டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்கவும். அச்சின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான மரக்கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கை வைக்கலாகாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் புறமும் அசைக்கவும். ஸ்பிண்டில் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குறை ஹப் பேரிங்கில் உள்ளது. ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. கார் மெக்கானிக்குகள் பிரேக்கை மிதிக்கச் சொல்லி இவ்விரண்டையும் பிரித்தறிவார்கள். டிராக்டரின் முன் சக்கரத்துக்குப் பிரேக் இல்லையாதலால் குனிந்து கண்ணால் பார்ப்பதே வழி.

பேரிங் ஆட்டம் என்றவுடன் கடைக்கு ஓட வேண்டாம். ஹப் நட்டு தளர்ந்திருக்கலாம். நட்டை இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றுத் தளர்த்தி, புதிய காட்டர் பின் செருகினால் பல சமயம் போதும். சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தால் பேரிங்கை மாற்ற வேண்டியதுதான். அப்போது உள்ளே பதிந்திருக்கும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த வளையத்தில் புதிய ரோலரைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும். ஆயில் சீலையும் கூடவே மாற்றுவது அவசியம். சேற்று நீர் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான்.

புஷ்தான் இதில் முக்கியமானது. விலை குறைந்த புஷ் தேய்வதற்கென்றே உள்ள பாகம். விலை உயர்ந்த ஸ்பிண்டிலைக் காப்பது அதன் வேலை. ஆட்டம் தெரிந்தும் ஒரு பருவம் ஓட்டினால் ஸ்பிண்டிலும் தேய்ந்து, செலவு பன்மடங்காகும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒன்றாக மாற்றவும். வெண்கலப் புஷ்ஷை அழுத்திப் பொருத்திய பின் ரீமர் கொண்டு அளவுக்குத் துளை செய்ய வேண்டும். புஷ்ஷிலுள்ள கிரீஸ் துளை, அச்சிலுள்ள நிப்பிள் துளைக்கு நேராக அமைந்ததா என்று ஸ்பிண்டிலைப் போடும் முன் நீங்களே பாருங்கள். துளை மாறியிருந்தால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. அவசரத்தில் இது தவறிவிடுவதுண்டு.

தேய்ந்த ஸ்பிண்டிலின் மேல் வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருவார்கள். இதை நான் சிபாரிசு செய்வதில்லை. வெல்டிங் சூடுபட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறி, பின்னர் திடீரென முறியக்கூடும். கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் செல்லும்போது அது நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பால் ஜாயிண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு திருப்பட்டும். மற்றவர் ஜாயிண்டைப் பார்க்கவும். ராடு நகர்ந்த பிறகே சக்கரம் நகர்ந்தால் ஜாயிண்ட் தேய்ந்துள்ளது. ரப்பர் உறை மட்டும் கிழிந்திருந்தால் சேறு புகுமுன் உறையை மாற்றலாம். புதிய ஜாயிண்ட் வாங்கும்போது இடது மரை, வலது மரை வேறுபாட்டைக் கவனிக்கவும்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பாகத்தைத் துடைத்துக் கையோடு கொண்டு செல்வது நல்லது. பேரிங்கில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும். டிராக்டரின் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறுவதுண்டு. ஸ்பிண்டிலின் தேய்மானப் பகுதி கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பழைய ஸ்பிண்டிலில் அரத்தை வைத்துப் பார்த்தால், கடினப் பூச்சு தேய்ந்துபோன இடத்தில் அரம் கடிக்கும், மற்ற இடத்தில் வழுக்கும். பில் கேட்டு வாங்கவும். பில் தர மறுக்கும் கடையில் மலிவு விலைக்காக ஸ்டியரிங் பாகம் வாங்காதீர்கள்.

பாகங்கள் மாற்றிய பின், சக்கரங்களின் நேர்த்தியை அளப்பது கட்டாயம். ஹப் உயரத்தில் இரு ரிம்களின் முன்பக்க உள்விளிம்பிலும் சுண்ணாம்புக் குறியிட்டு இடைவெளியை அளக்கவும். டிராக்டரைச் சக்கரம் அரைச் சுற்று சுழலுமளவு நகர்த்தி, பின்பக்கம் வந்த அதே குறிகளை மீண்டும் அளக்கவும். முன் அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை என்பது டிராக்டரின் கையேட்டில் இருக்கும். வேறுபட்டால் டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தித் திருத்தலாம். சேற்றுழவு நாட்களில் மாலைதோறும் பழைய கிரீஸ் சேற்றுடன் பிதுங்கி வெளிவரும் வரை நிப்பிள்களில் கிரீஸ் அடித்து வரவும்.