தாத்தா பட்டாளத்தில் இருந்தாரா? பதக்கத்தின் விளிம்பைப் பாருங்க

"எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு." தாம்பரம், பல்லாவரம் பக்கம் பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் என்று கேட்டால் பதில் இருக்காது. கைப்பேசியிலேயே தேட ஆரம்பிக்கலாம். அதற்கு முன்னால் வீட்டிலுள்ள டிரங்குப் பெட்டியைத் திறங்க.

பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உலகப் போர்களில் இந்திய வீரர்களுக்குத் தந்த பதக்கங்களில் பெரும்பாலும் படை எண், பெயர், பிரிவின் சுருக்கம் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பின்பக்கம் இருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும்! டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள் கிடைத்தாலும் முதலில் தேட வேண்டியது அந்த எண்தான். முத்துசாமிகள் நூறு பேர் இருப்பார்கள். எண்ணும் பிரிவும் சேர்ந்தால் ஒருவர்தான்.

போருக்குப் போய் திரும்பாதவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். பெயரை ஆங்கிலத்தில் சாமி, ஸ்வாமி, சாவ்மி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

நம்ம ஊர் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. அங்கே பெயர் இல்லை என்று மனம் தளர வேண்டாம். பர்மா போர்முனையில் இறந்து, கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் மியான்மரின் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. எந்தப் பலகையில் என்பதையும் இணையதளமே சொல்லும். நினைவுச் சான்றிதழும் தரவிறக்கலாம். வருஷா வருஷம் திதி எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாமல் இருக்கும் குடும்பத்துக்கு அந்த இறந்த தேதி சாதாரண விஷயம் இல்லை.

உயிரோடு திரும்பியவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். அவரது பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். எண், பதவி, தகப்பனார் பெயர், சேர்ந்த வருஷம், உங்கள் உறவு எல்லாம் குறிப்பிடுங்கள். ஊரை அன்றைய மாவட்டத்தோடு எழுதுங்கள். தாம்பரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். நகல் மட்டும் அனுப்புங்க, அசல் உங்க கையிலேயே இருக்கட்டும்.