1.3 லிட்டரில் எத்தனை குதிரை?

ப.வேலூர் பக்கம் 'எச்பி' என்ற சொல் கார் வழியாக வந்ததல்ல, கிணற்று மோட்டார் வழியாக வந்தது. கொடிக்காலுக்கு ஐந்து எச்பி போதுமா, ஏழரை வேண்டுமா என்பதுதான் எங்கள் கணக்கு. அதற்கு அடுத்தது லாரி. வண்டியில் 2518 என்று எழுதியிருந்தால் மொத்த எடை 25 டன், என்ஜின் 180 எச்பி வகை என்று நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பையனே சொல்லிவிடுவான்.

அப்படி ஒரு பையன், என் தங்கை மகன், போன வாரம் கேட்டான்: "ஏனுங் மாமா, மஸ்டா ஆர்எக்ஸ்-7 காருக்கு என்ஜின் வெறும் 1.3 லிட்டர்தானாம். 255 எச்பி வருதாமா. டர்போவப் பெருசாப் போட்டா 400 வந்துருமுங்களா?"

மஸ்டா என்றால் எங்களுக்கு 1983-ல் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்டா நிறுவனத்தின் வேன்தான். ஆர்எக்ஸ்-7-ஐ அந்தக் கம்பெனி இங்கே விற்றதே இல்லை. பையன் ஓட்டிப் பார்த்தது வீடியோ கேமில். 400 வரும், ஆனால் டர்போ கடைசியாகத்தான் வரணும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குகிற வேலை. கவலை ஓட்டி நீர் இறைத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: பறி எவ்வளவு பெரிது, மாடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது, இரண்டும் சேர்ந்ததுதான் இறைப்பு. என்ஜினிலும் அதேதான். லாரியின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின் பெரிய பறி, மெதுவான மாடு. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 180 எச்பி தருகிறது. ஆர்எக்ஸ்-7 சின்னப் பறி, ஓட்டமெடுக்கும் மாடு. 6,500 சுற்றில்தான் அந்த 255 கிடைக்கிறது.

ரோட்டரி என்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பில் லேசாக ஒடுங்கிய முட்டை வடிவக் கூடு ஒன்று. அதற்குள் பக்கங்கள் உப்பிய சமோசா போன்ற மூன்று முனை இரும்பு ரோட்டர் சுற்றுகிறது. அதன் மூன்று முகங்களிலும் காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது எல்லாம் மாறி மாறி நடக்கும். ரோட்டர் ஒரு சுற்று வரும்போது நடுத்தண்டு மூன்று சுற்று சுற்றும். ஆக, தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரோட்டருக்கு ஒரு வெடிப்பு. சாதாரண என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ஆர்எக்ஸ்-7-ல் 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர். 1.3 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் சாப்பிடும் காற்றை வைத்துப் பார்த்தால் 2.6 லிட்டர் என்ஜினுக்குச் சமம். பையன் வியந்ததில் பாதி இங்கேயே கரைந்துவிட்டது.

இதை யோசித்தவர் ஜெர்மனியின் ஃபீலிக்ஸ் வாங்கெல். ஓடும்படி செய்ததில் பெரும்பங்கு ஜப்பானின் மஸ்டாவுக்கு. ஆரம்பத்தில் ரோட்டரின் முனைகளில் இருந்த சீல்கள் கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பேய் நகத்தால் பிறாண்டியது என்று அங்கே பெயர் வைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோவின் குழு அதைச் சரிக்கட்டி 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை இறக்கியது.

அந்த முனைச் சீல்தான் கதையின் நாயகன். பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, ரோட்டருக்கு அது அப்படி. ஆர்எக்ஸ்-7-ன் கடைசித் தலைமுறையில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். இந்த என்ஜினில் எச்பி கூட்டுவது என்றால் அந்த 2 மில்லிமீட்டர் தகட்டைக் காப்பாற்றிக்கொண்டே கூட்டுவது.

இனி டர்போ. எச்பியைத் தருவது எரிபொருள், அது எரியக் காற்று வேண்டும். 255 எச்பிக்கு இந்த என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 12, 13 கிலோ காற்றும் ஒரு கிலோவுக்கு மேல் பெட்ரோலும் கேட்கும். வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு காற்றாடியைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடியால் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆர்எக்ஸ்-7-ல் இரண்டு டர்போ. குறைந்த சுற்றில் ஒன்று, 4,500 சுற்றுக்கு மேல் இரண்டும். திணிக்கும் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஏறத்தாழ 10 பாயின்ட். லாரி டயருக்கு அடிக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் அதை 15, 20 என்று ஏற்றினால் என்ன என்றுதான் எல்லாருக்கும் தோன்றும்.

சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கம் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 10 பாயின்ட் அழுத்தியதும் 100 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து கிடக்கும், எடை குறைவு. எடை குறைந்தால் எச்பி குறைவு. அதைவிட மோசம், வெந்த காற்றோடு கலந்த பெட்ரோல் தீப்பொறி வரும்வரை காத்திருக்காமல் தானே பட்டென்று வெடிக்கும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பது இதைத்தான். பிஸ்டன் என்ஜின் அதைக் கொஞ்ச நேரமாவது பொறுத்துக்கொள்ளும். ரோட்டரியில் ஒரே ஒரு பலத்த அடி போதும், முனைச் சீல் உடையும். உடைந்த துண்டு கூட்டுச் சுவரைக் கீறிவிட்டுப் புகைவழியே போய் டர்போவின் இறக்கையையும் கடிக்கும். என்ஜினும் டர்போவும் ஒரே நாளில் போய்ச் சேரும்.

ஆகவே முதல் செலவு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும். 113 டிகிரியில் வரும் காற்றை 60-க்கு இறக்கினாலே அதே அழுத்தத்தில் 16 சதவீதம் கூடுதல் எடைக் காற்று உள்ளே போகும். அடுத்தது பெட்ரோல். கம்பெனி கொடுத்த நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 2.8 லிட்டர்தான் பீய்ச்சும். 350 எச்பி பக்கம் போகும்போதே அவை மூச்சு வாங்கும். அதற்கு மேல் காற்றை மட்டும் ஏற்றினால் கலவை வறண்டு, சூடேறி, மறுபடியும் அதே வெடிப்பு. பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், அதற்கேற்பத் திருத்திய கம்ப்யூட்டர், இவை மூன்றும் இல்லாமல் பூஸ்டைத் தொடக்கூடாது.

விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடம் சைலன்சர். புகை தடையில்லாமல் போனால் நல்லதுதானே என்று பெரிய குழாய் போடுகிறார்கள். டர்போவின் வேகத்தை அடக்க, உபரிப் புகையைப் பக்கவாட்டில் திறந்துவிடும் ஒரு சின்ன மடை உண்டு. வாய்க்கால் மதகு மாதிரி. பின்னால் குழாய் பெரிதானதும் வெள்ளம் கூடுகிறது, மதகு அதே அளவில் இருக்கிறது. நீங்கள் 10 பாயின்ட் என்று வைத்திருப்பீர்கள். சுற்று ஏற ஏற அது தானாக 12, 14 என்று ஏறும். எச்பி கூடிவிட்டது என்று ஓட்டுபவர் மகிழும் அந்த நொடியில் பெட்ரோல் போதாமல் போகும். மதகுத் துளையை அகலப்படுத்தாமல் குழாயை மாற்றுவது வீண் வம்பு.

மஸ்டாவே என்ன செய்தது என்று பாருங்கள். 1991 டிசம்பரில் ஜப்பானில் 255 என்று விற்கத் தொடங்கியதை 1999-ல்தான் 280 ஆக்கினார்கள். அப்போது டர்போவைத் திருத்தியதோடு, குளிர்காற்று புகும் முன்வாயையும் அகலமாக்கினார்கள். செய்தவனுக்கே 25 எச்பிக்கு ஏழு வருடத்துக்கு மேல். 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி-யோ நான்கு ரோட்டர்களில் 700 எச்பி கொடுத்தது, டர்போவே இல்லாமல்.

இங்கே சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆசை இருந்தால் கோவை செட்டிபாளையத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ உள்ள பந்தயத் தடத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

துபாயிலோ லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் நம்மவர் யாராவது பழைய ஆர்எக்ஸ்-7 வாங்கப் போகிறீர்கள் என்றால், எத்தனை எச்பி என்று கேட்காதீர்கள். என்ஜின் சூடாக இருக்கும்போதே ரோட்டரிக்கான கருவியை வைத்துக் கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ரோட்டர், ஆறு முகம், ஆறு எண். ஒன்று 6 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.