பகுதித் தானியக்க ஊர்திகளும் ஓட்டுநர் பொறுப்பும்

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில், எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், நிலையத்தில் உரிய இடத்தில் நிறுத்துவதும் ஓட்டுநரின் கைவேலையாக இருந்தன. அதே மாநகரில் 2020 பிப்ரவரி 13 அன்று தொடங்கப்பெற்ற கிழக்கு-மேற்குப் பாதையோ, இவ்வேலைகளைக் கணினியே செய்யும் வகையில் அமைக்கப்பட்டது. எனினும் ஓட்டுநர் முன்னறையில் அமர்த்தப்பட்டார்.

சாலையில் ஓடும் புதிய கார்கள் பலவும் இன்று இதையொத்த நிலையை எட்டியுள்ளன. முன்செல்லும் வண்டியிலிருந்து இடைவெளி காத்தல், தடத்தை விட்டு விலகாமல் செல்லுதல், மோதல் நேரும் நிலையில் தாமே பிரேக் போடுதல் ஆகியவற்றை அவை செய்கின்றன. வேலையின் ஒரு பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொண்டால், மனிதனின் பொறுப்பு எவ்வளவு குறையும்?

தானியக்கத்தின் படிகள்

மோட்டார்ப் பொறியியலார் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். இரண்டாம் படியில் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் இயந்திரம் ஒருசேரக் கையாளும். ஆயினும் சாலையை இடைவிடாது கவனிப்பது ஓட்டுநரின் கடமையே. மூன்றாம் படியில்தான், வரையறுத்த சூழ்நிலைகளில், அக்கவனிப்பும் இயந்திரத்திடம் செல்கிறது. இந்தியாவில் விற்பனையாகும் கார்களில் உள்ள வசதிகள் பெரும்பாலும் முதலிரு படிகளைச் சேர்ந்தவை. ஆகவே இவற்றைத் 'தானே ஓடும் கார்' என்று கருதுவது ஆபத்தான பிழையாகும்.

கொல்கத்தாச் சாலை வைக்கும் சோதனை

இவ்வசதிகள் கேமராவையும் ராடாரையும் நம்பியவை. தெளிவான தடக்கோடுகளும் ஒழுங்கான போக்குவரத்தும் இருந்தால் அவை நன்கு பணியாற்றும். பராபஜார் போன்ற பகுதிகளில் நிலைமை வேறு. சுமை தூக்குவோர், தள்ளுவண்டிகள், கைரிக்‌ஷாக்கள், பேருந்துகள், நடைபாதையிலிருந்து திடீரென இறங்குவோர் யாவரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். மழைக்காலத்தில் தேங்கும் நீர் கோடுகளை மறைக்கிறது. அடைமழை கேமராவின் பார்வையை மங்கச் செய்கிறது.

இத்தகைய இடத்தில் இயந்திரம் தன் பணியைத் திடீரெனக் கைவிடக்கூடும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 10 மீட்டர் கடக்கிறது. கவனம் சிதறிய ஓட்டுநர் நிலைமையை உணர்ந்து செயற்பட 3 வினாடிகள் எடுத்தால், அதற்குள் 30 மீட்டர் கடந்துவிடும். அந்தத் தொலைவிற்குள் ஒரு குழந்தை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

சட்டத்தின் நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியை ஓட்டுபவர் மனிதரே என்னும் அடிப்படையில் இயற்றப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 'கார்தான் ஓட்டியது' என்பது ஓட்டுநரைக் காக்கும் வாதமாகாது.

உற்பத்தியாளரும் சட்டத்திற்கு அப்பாற்பட்டவர் அல்லர். குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப்பெற ஆணையிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அரசுக்கு வழங்கியது. அதே ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளால் விளையும் தீங்கிற்கு இழப்பீடு கோர வழிசெய்தது.

அமெரிக்காவில் டெம்ப்பி நகரில் 2018 மார்ச் 18 அன்று, ஊபர் நிறுவனம் சோதித்து வந்த தானியக்கக் கார் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். காரில் இருந்த கண்காணிப்பாளரின் கவனம் கைப்பேசியில் இருந்ததையும், நிறுவனத்தின் மேற்பார்வை போதாமையையும் விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது. ஆயினும் குற்றவழக்கில் 2023இல் தண்டனை பெற்றவர் கண்காணிப்பாளர் மட்டுமே.

ரயில்வே தரும் பாடம்

கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் 2019 ஜூலை 13 அன்று, பயணி ஒருவரின் கை மூடிய கதவில் சிக்கியிருக்க, மெட்ரோ வண்டி புறப்பட்டது, அவர் உயிரிழந்தார். கதவில் தடை இருப்பின் வண்டி நகராதிருக்க வேண்டும் என்பதே இத்தகைய கதவமைப்பின் நோக்கம். ஓட்டுநரும் கார்டும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையும் நடைபெற்றது.

இயந்திரம் தவறினும் மனிதர் பார்த்திருக்க வேண்டும் என்பது இதில் ஒரு பாடம். மற்றொன்றும் உண்டு. மெட்ரோ ஓட்டுநர் பயிற்சி பெற்றவர். அவருடைய பணிநேரம் வரையறுக்கப்பட்டது. விபத்து நேர்ந்தால் ஆராயத் தனி அமைப்பு உள்ளது. கார் வாங்குபவருக்கோ ஒரு கையேடு மட்டுமே கிடைக்கிறது. உரிமத் தேர்வில் இவ்வசதிகளைப் பற்றிய சோதனை இல்லை. நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் விழிப்புடன் இருத்தல் வண்டியோட்டுவதைவிடக் கடினமான வேலை. அதை எவரும் அவருக்குக் கற்பிப்பதில்லை.

செய்ய வேண்டியவை

இவ்வசதிகளின் எல்லைகளை விற்பனையின்போதே செய்துகாட்டி விளக்குதல் வேண்டும். ஓட்டுநர் பயிற்சியில் இதற்கு இடமளித்தல் வேண்டும். விபத்தின்போது வண்டி யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகளை விசாரணை அதிகாரிகள் தவறாது பெறுதலும் வேண்டும். அப்போதுதான் ஓட்டுநரின் தவறும் இயந்திரத்தின் குறையும் பிரித்தறியப்படும். நீதியும் சரியான இடத்தில் நிற்கும். அதுவரையில் மட்டுமன்றி அதன் பின்னரும், ஸ்டியரிங்கில் கையும் சாலையில் கண்ணும் வைத்திருப்பதே ஓட்டுநரின் முதற்கடமையாகும்.