இருபது சதவீதம் சாவது எப்படி?

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காசநோய்க்காரர் பிழைப்பாரா மாட்டாரா என்பதை இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாமே. நோய் உறுதியான கையோடு, இவர் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதம் என்று திரையில் வருமாம். ஒரு மனுசன் ஒண்ணு பிழைப்பான், இல்லைன்னா சாவான். அதென்னங்க 20 சதவீதம் சாவது?"

மருத்துவப் புள்ளியியலின் அடிமடியில் கைவைக்கும் கேள்வி இது. முதலில் செய்தியைப் பார்த்துவிடலாம்.

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. அதற்கு அறிவியல் துணையாக இருப்பது சென்னையிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். நோய் உறுதியானதும் வயதுவந்த நோயாளியிடம் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. நிலை மோசமென்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எக்ஸ்ரேகூடத் தேவையில்லை, எடை பார்க்கும் கருவி, நாடா, கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் எடைக் குறியீட்டில் (BMI) 14 என்பது இங்கே ஓர் அபாயக் கோடு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 36 கிலோவுக்கும் குறைவு. அந்த எடையில் ஒரு வளர்ந்த மனிதர் வந்து நிற்கிறார் என்றால் அவர் எத்தனை மாதமாக உருகியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

2025 ஜூலையில் இதோடு ஒரு கணிப்பு மாதிரியும் சேர்ந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் பதிவுகளிலிருந்து உருவானது அது. ஐந்து விவரங்களையும் பதிந்தால் அந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு ஒரு சதவீதமாகத் திரையில் வரும். கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு இது 10 முதல் 50 வரை; மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை.

இப்படி ஒரு செய்தி வந்ததும் 'செயற்கை நுண்ணறிவு சாவை முன்கூட்டியே சொல்கிறது' என்ற பேச்சு தானாக ஒட்டிக்கொள்ளும். அதை நம்ப வேண்டாம். இதற்குள் மாயம் எதுவும் இல்லை. இருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான், ஆனால் அந்தப் பெருக்கல் எப்படி நடக்கிறது என்பதில் ஓர் அழகு இருக்கிறது.

மூச்சு வேகமும் கால் வீக்கமும் எடையும் வெவ்வேறு பொருள்கள். ஒன்றை எண்ணுகிறோம், ஒன்றை அழுத்திப் பார்க்கிறோம், ஒன்றை நிறுக்கிறோம். இவற்றை எப்படிக் கூட்டுவது? திருப்பூர் வட்டாரத்தில் துணி செக்கிங் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, ஓட்டை, கனத்த நூல் எல்லாம் வேறு வேறு குறைகள். 'ஃபோர் பாயின்ட்' முறையில் எல்லாவற்றையும் புள்ளியாக மாற்றிவிடுகிறார்கள். 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் பெரும்பாலும் அந்த ரோல் ஒதுக்கப்படும். ஒரு கஜத்துக்குள் எத்தனை குறை நெருக்கியடித்தாலும் 4 புள்ளிக்கு மேல் போடக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. ஏற்கெனவே கெட்டுப்போன கஜம் அதற்கு மேல் எவ்வளவு கெட முடியும்?

அந்த விதியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கணக்கிலும் உச்சவரம்பு வேண்டும், நிகழ்தகவு நூறைத் தாண்டக் கூடாதே. விளக்கத்துக்காக நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை திட்டத்தின் எண்கள் அல்ல. அபாய அறிகுறி ஏதுமில்லாதவர்களில் 100க்கு 2 பேர் இறக்கிறார்கள் என்போம். முதல் அறிகுறி ஆபத்தை 5 மடங்காக்குகிறது, இரண்டாவது 4 மடங்கு, மூன்றாவதும் நான்காவதும் தலா 3 மடங்கு. சதவீதத்தை அப்படியே பெருக்கினால் 2, 10, 40, 120, 360. நான்கு அறிகுறி உள்ளவர் 360 சதவீதம் இறக்கிறார்! கணக்கு கவிழ்ந்துவிட்டது.

புள்ளியியலாளர்கள் செய்த தந்திரம், சதவீதத்தைப் பெருக்காமல் விகிதத்தைப் பெருக்குவது. 100க்கு 2 பேர் என்றால், இறப்பவர் ஒருவருக்குப் பிழைப்பவர் 49 பேர்: 1க்கு 49. ஐந்தால் பெருக்கினால் 5க்கு 49, சதவீதத்தில் 9. நான்கால் பெருக்கினால் 20க்கு 49. அது 29 சதவீதம். மறுபடி மூன்றால், 60க்கு 49, 55 சதவீதம். இன்னொரு மூன்று, 180க்கு 49, 79 சதவீதம். எத்தனை முறை பெருக்கினாலும் 49 பேர் பிழைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறார்கள். வாய்ப்பு நூறை நெருங்கும், தொடாது. வரைந்து பார்த்தால், தரையோடு தவழ்ந்து, நடுவில் செங்குத்தாக ஏறி, உச்சியில் படுத்துக்கொள்ளும் வளைவு. இதுதான் லாஜிஸ்டிக் வளைவு. இவ்வகைக் கணிப்புகளுக்குப் பல பத்தாண்டுகளாக மருத்துவத்தில் மிகப் பரவலாகப் பயன்படும் கருவி.

பள்ளியில் படித்த மடக்கை இங்கே கைகொடுக்கிறது. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் இவ்வளவு புள்ளி என்று வைத்து, கூட்டி, வளைவில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். செக்கிங் மேசையில் நடப்பதும் இதுவே.

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. துணியில் 3 அங்குலத்துக்கு 1 புள்ளி என்பது விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை. நோயாளியின் புள்ளிகளை யாரும் கூடிப் பேசி வைப்பதில்லை. பத்து வருடமாக ஒவ்வொரு ரோலின் குறையையும், அதிலிருந்து தைத்த பனியன்களில் எவை திரும்பி வந்தன என்பதையும் ஒரு கம்பெனி எழுதி வைத்திருந்து, அந்த நோட்டிலிருந்தே புள்ளிகளைக் கணக்கிட்டால் எப்படியோ, அப்படி. கம்ப்யூட்டர் புள்ளிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: 'இந்தப் புள்ளிகள் உண்மையென்றால், பதிவில் உள்ளபடி இன்னார் இறந்து இன்னார் பிழைத்திருப்பது எவ்வளவு இயல்பு?' நடந்ததை ஆகக் குறைந்த வியப்போடு விளக்கும் புள்ளிகளே வெல்லும். அந்தப் புள்ளிகளைத் தந்தவர்களில் இறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பதிவுதான் அடுத்து வருபவருக்கு வழி சொல்கிறது.

இதற்கு மேல் துணி உவமை கிழிந்துவிடும். அதிகப் புள்ளி பெற்ற ரோலை ஓரமாகத் தள்ளுவார்கள். அதிகப் புள்ளி பெற்ற நோயாளியை வரிசையில் முதலில் நிறுத்த வேண்டும்.

இப்போது வாசகரின் கேள்வி. 20 சதவீதம் என்பது அந்த மனிதரின் உடம்புக்குள் இருக்கும் பொருளல்ல. அவரைப் போன்ற எடை, மூச்சு, வீக்கத்தோடு முன்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார் என்ற நினைவு. அவர் அந்த ஒருவரா, மற்ற நால்வரில் ஒருவரா என்று மாதிரிக்குத் தெரியாது. தெரிவதாகச் சொல்லும் எந்த மென்பொருளையும் சந்தேகியுங்கள்.

அப்படியென்றால் கணிப்பு சரியா தவறா என்று எப்படிச் சோதிப்பது? ஒருவரை வைத்து முடியாது. '20 சதவீதம்' என்று சொல்லப்பட்ட எல்லோரையும் தேடி எடுங்கள். நூற்றுக்கு இருபது பேரளவில் இறந்திருந்தால் மாதிரி நேர்மையானது. நாற்பது பேர் என்றால் அது ஆபத்தை மறைக்கிறது. ஐந்து பேர் என்றால் வீணாகப் பயமுறுத்துகிறது. இந்த நேர்மை மட்டும் போதாது. எல்லோருக்கும் சராசரி இறப்பு வீதத்தையே சொல்லும் சோம்பேறி மாதிரிகூட மொத்தத்தில் நேர்மையாக இருக்கும். யாரை முதலில் பார்ப்பது என்று மட்டும் சொல்லாது. நேர்மையும் வேண்டும், பிரித்தறியும் கூர்மையும் வேண்டும்.

இன்னொரு குழப்பம். மாதிரியில் உள்ள ஓர் அறிகுறி சாவை முன்னறிவிக்கிறது என்றால் அதுவே சாவுக்குக் காரணம் என்று பொருளில்லை. நிற்க முடியாதவரை நாலு பேர் தூக்கி நிறுத்தினால் ஆபத்து குறையாது. எடை விஷயம் வேறாக இருக்கலாம் என்பதற்கு ஒரு தடயம் ஜார்கண்டிலிருந்து வந்தது. அங்கே 2,800 நோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. நோய் தணிந்ததால் எடை கூடியதா, எடை கூடியதால் உயிர் தப்பியதா என்பதை அந்த ஓர் எண் மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் மாத்திரையோடு அரிசியும் பருப்பும் சேர வேண்டும் என்று யோசிக்க வைக்கும் எண் அது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1936இல் கல்கத்தாவில் புள்ளியியலாளர் மஹலநோபிஸ், பல அளவுகளை ஒன்றாக்கி இரு குழுக்களுக்கிடையிலான தூரத்தை அளக்கும் வழியைக் கொடுத்தார். 1944இல் அமெரிக்க மருத்துவர் பெர்க்சன் லாஜிஸ்டிக் வளைவின் புள்ளிகளுக்கு 'லாஜிட்' என்று பெயரிட்டார். 1967இல் ஃப்ராமிங்ஹாம் நகரத்து இதயநோய் ஆய்வு இந்த வளைவை மருத்துவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. காசநோயில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமாகிறார்கள் என்று 1959இல் நிறுவிக் காட்டியது, சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் சோதனை. இது போதும்.

விளம்பர இரைச்சலுக்கு வருவோம். லாஜிஸ்டிக் மாதிரி பழசு, நவீன இயந்திரக் கற்றல் இன்னும் கூர்மையாகக் கணிக்கும் என்பார்கள். நோயாளிகளைப் பற்றிய கணிப்பில் இவ்விரண்டையும் ஒப்பிட்ட 71 ஆய்வுகளை 2019இல் ஒரு குழு அலசியது. புதியதால் கூடுதல் பயன் எதையும் காணவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக ஓடிய ஒரு மென்பொருள், ரத்தத் தொற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பதாகச் சொல்லி விற்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2021இல் தம் நோயாளிகளிடம் சோதித்தபோது, தொற்று வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது தவறவிட்டிருந்தது. ஓரிடத்தில் கற்ற புள்ளிகள் இன்னோரிடத்தில் செல்லுபடியாகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தமிழ்நாட்டு மாதிரிக்கும் இது பொருந்தும். அது அரசு மருத்துவமனை நோயாளிகளிடம் கற்றது. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட முடியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வேலைக்கு வந்து, நோய் முற்றியதும் ஊருக்கு ரயிலேறிவிடுகிறவரின் முடிவு பதிவில் எப்படி ஏறும்? இந்தியாவில் 2023இல் மட்டும் சுமார் 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மற்ற மாநிலங்கள் இந்த மாதிரியை வாங்கிக்கொள்ளலாம். புள்ளிகளைத் தங்கள் பதிவில் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. மாதிரி கற்ற 2022–23ஆம் ஆண்டிலேயே திட்டம் நடந்துகொண்டிருந்தது. கடுமையான நிலையில் வந்த பலரை அப்போதே படுக்கையில் சேர்த்துக் கவனித்தார்கள். ஆகவே திரையில் வரும் 30 சதவீதம், கைவிடப்பட்டவரின் ஆபத்தைச் சொல்லவில்லை. அன்று கிடைத்த கவனிப்போடு சேர்ந்த ஆபத்தைச் சொல்கிறது. இனி கவனிப்பு மேம்பட்டால் முப்பதில் பலர் பிழைப்பார்கள், கணிப்பு பொய்க்கும். நல்ல மருத்துவக் கணிப்பு இப்படித் தோற்றுப்போகத்தான் வேண்டும். அது ஒவ்வொரு முறை தோற்கும்போதும் புள்ளிகளைப் புதிதாகக் கணக்கிட்டு, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும்.

நோய் உறுதியானதிலிருந்து மருத்துவமனையில் சேர்ப்பது வரை சராசரியாக ஒரு நாள் ஆகிறது என்றும், கால்வாசிப் பேருக்கு அது ஆறு நாள் வரை இழுக்கிறது என்றும் திட்டத்தின் கணக்கே சொல்கிறது. அந்த ஆறு நாளை எந்த வளைவாலும் குறைக்க முடியாது. படுக்கை, வண்டி, கூட வர ஓர் ஆள், கூலி போகும் நாளுக்கு ஈடு, இவைதான் குறைக்கும். திரையில் 40 என்று வந்தால் அது நோயாளியின் தலைவிதி என்று படிக்காதீர்கள். மருத்துவமனைக்கு இடப்பட்ட உத்தரவு என்று படியுங்கள். அதை இன்றே நிறைவேற்றும்படி கேளுங்கள்.