சிந்து மாட்டுப் பால் ஆகாதா?

காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். முன்பெல்லாம் தொழுவத்துக்குப் போனால் மடிநோய், கழிச்சல், சினை பிடிக்கவில்லை என்று மாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது பாலைப் பற்றிக் கேட்கிறார்கள். "ஏனுங்க டாக்டர், நம்ம சிந்து மாட்டுப் பாலு ஏ1-ங்கறாங்களே, பேரனுக்குக் குடுக்கலாமுங்களா?" என்றார் ஒரு பாட்டி. எங்கள் பக்கம் சிந்து மாடு என்று சொல்லும் ஜெர்சி கலப்பின மாடுகளை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர் அவர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 32 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். பால் தயிராக உறைவது இதனால்தான். மீதி, கேசீன் திரிந்த பிறகு தெளிந்து நிற்கும் நீரில் கரைந்திருக்கும் வே புரதங்கள். கேசீனிலும் பல வகை உண்டு. அவற்றில் ஒன்றான பீட்டா கேசீனைச் சுற்றித்தான் இவ்வளவு பேச்சும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மணிமாலை. பீட்டா கேசீனில் 209 மணிகள். 67ஆவது இடத்தில் புரோலின் இருந்தால் அது ஏ2. ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஹிஸ்டிடின் இருக்கும் இடத்தில் நம் செரிமான நொதிகள் எளிதாக வெட்டிவிடும். அப்போது ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு உதிர்கிறது. பீட்டா காசோமார்ஃபின்-7 என்பது அதன் பெயர். உடலில் மார்ஃபின் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் இதுவும் பலவீனமாக ஒட்டும். அந்த ஏற்பிகள் குடலிலும் இருப்பதால் குடலின் ஓட்டத்தை இது மந்தப்படுத்தலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பாப் எலியட் என்ற குழந்தை மருத்துவர், முதல் வகை நீரிழிவுக்கும் ஏ1 பாலுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராய்ந்தார். 2000இல் அந்த நாட்டிலேயே ஏ2 பாலை விற்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2007இல் கீத் வுட்ஃபோர்டு என்பவர் எழுதிய ஒரு புத்தகம், ஏ1 பால் பல நோய்களுக்குக் காரணம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது.

அதன்பின் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, 2009இல் அறிக்கை வெளியிட்டது. இந்தப் புரதத் துண்டுதான் நீரிழிவு, இதயநோய் போன்றவற்றை உண்டாக்குகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. நாடுகளின் நோய்க் கணக்கையும் பால் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துவதுபோலத் தெரியலாம். காரணம் இதுதான் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வயிற்றுத் தொந்தரவு விஷயத்தில் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2016இல் சீனாவில் 45 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், ஏ2 பால் மட்டும் குடித்தபோது உப்புசமும் வயிற்று உபாதையும் குறைவாக இருந்தன. ஆனால் சிறிய ஆய்வு. அதற்குப் பணம் தந்ததும் ஏ2 பால் விற்கும் நிறுவனம்தான். சிலருக்கு ஏ2 பால் வயிற்றுக்கு இதமாக இருக்கலாம் என்பதுவரை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் சொல்ல இன்றைய அறிவியல் இடம் தரவில்லை.

நம் மாடுகளைப் பார்ப்போம். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் நாட்டின் பல நாட்டு மாட்டினங்களைச் சோதித்தது. பீட்டா கேசீன் மரபணுவில் 98 சதவீதத்துக்கு மேல் ஏ2. எருமையிலும் அப்படியே. கலப்பின மாடு என்றாலே ஏ1 என்றும் நினைக்க வேண்டாம். கன்று தாயிடமிருந்து ஒரு பிரதியும் காளையிடமிருந்து ஒரு பிரதியும் பெறுகிறது. நாட்டுப் பசுவுக்குச் சினை ஊசி போட்டுப் பிறந்த கன்றுக்குத் தாய்வழியில் அநேகமாக ஏ2தான் வரும். காளையின் பங்கு ஏ1ஆகவும் இருக்கலாம், ஏ2ஆகவும் இருக்கலாம். திமிலையும் நிறத்தையும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைதான் சொல்லும். பால் சொசைட்டி கேனில் ஊர்ப் பால் முழுக்க ஒன்றாகக் கலந்தபின் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

சொசைட்டியில் பாலுக்கு விலை, கொழுப்பையும் எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பல்லாத திடப்பொருள் அளவையும் பார்த்து வைக்கிறார்கள். பாலுக்கான சட்டத் தரமும் அவற்றையே அடிப்படையாகக் கொண்டது. அந்தத் தரத்தில் ஏ1, ஏ2 என்ற பிரிவே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டித்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று, பால் பாக்கெட்டுகளிலிருந்து ஏ1, ஏ2 விளம்பரங்களை நீக்கச் சொன்னது. சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

ஏ2 என்ற சொல்லால் உண்மையான ஆபத்து ஒன்று மறைக்கப்படுவதுதான் என் பெரிய கவலை. சில கைக்குழந்தைகளுக்குப் பசும்பால் புரதமே ஒவ்வாது. தாய்ப்பாலில் இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற வே புரதமும், கேசீனும் இதற்கு முக்கியக் காரணங்கள். உடம்பில் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சிரைப்பு என்று தெரியும். அந்தக் குழந்தைக்கு ஏ2 பாலும் அதே ஒவ்வாமையைத் தரும். எருமைப்பாலும் ஆட்டுப்பாலும்கூடப் பெரும்பாலும் ஒவ்வாது. "நாட்டு மாட்டுப் பால்தானே" என்று கொடுத்துப் பார்க்காதீர்கள்; குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும் ஒரு வயது நிறையும்வரை எந்த மாட்டுப் பாலும் தாய்ப்பாலுக்கு மாற்றாகாது.

பெரியவர்களுக்குப் பால் குடித்ததும் வரும் உப்புசம் வேறு கதை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வயது ஏற ஏறத் தென்னிந்தியரில் பெரும்பாலோருக்குக் குறைகிறது. இந்தச் சர்க்கரை ஏ1, ஏ2 இரண்டிலும் ஒரே அளவுதான். தயிரில் அதன் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன.

இதனால் நாட்டு மாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் காங்கேயம் மாடு இருக்க வேண்டும். வெயிலைத் தாங்கும், கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்துப் புல்லில் வயிறு நிரப்பும், உழவுக்கும் வண்டிக்கும் வளையும் இனம் அது. அதைக் காக்க இந்தக் காரணங்களே போதும். மருந்துப் பெருமையை அதன் பால்மேல் ஏற்ற வேண்டியதில்லை. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் நாட்டு மாட்டுப் பாலை வாங்கட்டும், வளர்க்கிறவருக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் தினம் அரை லிட்டர் வாங்கும் வீடு, விலை இரு மடங்கு என்பதால் கால் லிட்டர் ஏ2 பாலுக்கு மாறினால், பாலிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கும் புரதமும் கால்சியமும் பாதியாகும். நிரூபிக்கப்படாத நன்மைக்காக நிச்சயமான சத்தை இழக்க வேண்டாம். சுத்தமாகக் கறந்து, நன்றாகக் காய்ச்சிய எந்தப் பசுவின் பாலும், ஒரு வயது நிறைந்த, ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு நல்ல உணவுதான். தயங்காமல் கொடுங்கள்.