விண்வீழ் கல்லும் அதன் சாட்சியும்

சங்கச் சான்றோருள் கூடலூர் கிழார் வானநூல் வல்லவர். பங்குனித் திங்களின் நள்ளிரவு ஒன்றில், வானத்தினின்றும் ஒரு மீன் எரிந்து வீழக் கண்டார். கண்டதும் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதம் வருமோ என அஞ்சினார். ஏழாம் நாளில் மன்னன் மாண்டான். இதனைக் கூறும் புறநானூற்று 229ஆம் பாட்டை இரங்கற் பாட்டாக நாம் வகுப்பறையிற் படித்திருக்கிறோம். நான் அதனை வேறொரு காரணம் பற்றியும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. மீன் வீழ்ந்ததைச் சொல்லுமுன் புலவர் எத்தனை விவரங்களை நிரல்படத் தருகிறார்! மாதம் இது, பொழுது இது. உச்சியினின்று சாய்ந்த நாள்மீன் இது, எதிரே எழுவது இது, மறைவது இது. வீழ்ந்த மீன் கிழக்கே செல்லவில்லை, வடக்கேயும் செல்லவில்லை. அவர் நிமித்தத்தை நம்பிய காலத்தவர். ஆயினும் கண்டதைக் காலமும் திசையும் வழுவாமற் குறித்துவைத்தார். விண்வீழ்ச்சியைக் கண்டவரிடம் இன்றைய வானியலாளர் முதலிற் கேட்கும் வினாக்களும் இவையே.

வானிலே கணப்பொழுது கோடிழுத்து மறைவதை எரிமீன் என்கிறோம். அவற்றுட் பெரும்பாலானவை மணற்பரல் அளவினவே. உயரத்திலேயே எரிந்து கரைந்துவிடும். அளவிற் பெரியதாய், எரிந்தது போக எஞ்சி நிலத்தை வந்தடைவதே விண்கல். இவற்றிற் பெரும்பகுதி செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களிலிருந்து சிதறியவை. சூரிய குடும்பம் உருவான காலத்துப் பொருளை அவை தாங்கி வருகின்றன. அப்பொருளின் வயது ஏறக்குறைய 456 கோடி ஆண்டு. பூமியிற் பிறந்த பாறை எதற்கும் அந்த முதுமை இல்லை.

மிகச் சில கற்கள் சந்திரனிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தவை. 1865 ஆகஸ்ட் 25ஆம் நாள் பீகாரில் செர்கோத்தி என்னும் ஊரருகே ஒரு கல் வீழ்ந்தது. அது எங்கிருந்து வந்ததென்று நூறாண்டுக்கு மேலாக எவருக்கும் தெரியாது. அதே இனத்தைச் சேர்ந்த அந்தாட்டிக்காக் கல் ஒன்றினுள் அடைபட்டிருந்த வாயுவை 1983இல் ஆராய்ந்தபோது, 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் அளந்த காற்றோடு அது ஒத்திருக்கக் கண்டனர். செர்கோத்தியின் பிறப்பிடமும் அதனால் தெளிவாயிற்று. அக்கல்லைக் காத்தவர்கள் அதன் பெருமையை அறிந்து காத்தவர்களல்லர். ஊரும் நாளும் எழுதிய குறிப்போடு கெடாமல் வைத்தார்கள். பிறந்த பின்வந்தோர் அதனைப் படித்துக்கொண்டார்கள். ஒரு விண்கல்லுக்கு மனிதர் செய்யக்கூடிய முதற்பணி இதுவே என்பது என் கருத்து.

உலக விண்கற் பதிவேட்டில் நம் வடமாகாணத்துக் கல் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. அதன் பெயர் முல்லைத்தீவு. வீழ்ந்த நாள் 1795 ஏப்பிரல் 13. பழைய ஐரோப்பியக் குறிப்புகள் 'கார்னவேல்பட்டு' என்று எழுதும் இடம், வன்னியின் கருநாவற்பற்றே என்று கொள்வதற்குத் தடையில்லை. ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசி மாதங்கள் அவை. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

அந்த ஆண்டின் அருமையை எண்ணிப் பார்க்கவேண்டும். வானத்திலிருந்து கல் விழுவது பாமரர் கட்டுக்கதை என்று ஐரோப்பிய அறிஞர் பலர் நகைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1794இல் கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர், இவை பூமிக்கு அப்பாலிருந்து வருவன என்று நூல் எழுதி ஏளனத்துக்கு ஆளானார். அடுத்த ஆண்டே நம் வன்னியிற் கல் விழுந்தது. அறிஞர் தேடிக்கொண்டிருந்த சான்று நம் நிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் அந்த வழக்கைத் தீர்த்துவைத்த பெருமை அதற்குக் கிட்டவில்லை. இன்று அதன் பெயரால் எஞ்சியிருப்பது ஒரு சிறு துண்டளவே.

மூன்றாண்டு கழித்து, 1798 டிசெம்பரில், காசி நகருக்கு அருகே கற்கள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்று ஒரு காவலாளியின் குடிசைக் கூரையைத் துளைத்தது. அங்கு வாழ்ந்த ஜோன் லொயிட் வில்லியம்ஸ் என்பவர் கண்டோரை விசாரித்து, அவர்கள் சொன்னவற்றை எழுதி, கற்களையும் இலண்டனுக்கு அனுப்பினார். எட்வேட் ஹோவட் என்னும் இரசாயன அறிஞர் அவற்றை இங்கிலாந்து, இத்தாலி, பொகீமியா நாடுகளிற் கிடைத்த கற்களோடு ஒப்பிட்டாராய்ந்து 1802இல் முடிவை வெளியிட்டார். தூரதேசங்களில் வெவ்வேறு காலத்தில் விழுந்த அக்கற்கள் தம்முள் ஒத்திருந்தன. அவற்றின் உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தது. 1803இல் பிரான்சின் லேகிள் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் சொரிந்ததை பியோ என்னும் அறிஞர் நேரிற் சென்று விசாரித்து எழுதியபின் ஐயம் பெரும்பாலும் அகன்றது. முல்லைத்தீவுக் கல்லும் காசிக் கல்லும் ஒரே வானத்தின் கொடைகள். ஒன்றுக்கு எழுதுவோரும் அனுப்புவோரும் வாய்த்தனர். மற்றதற்குப் பெயரும் நாளுமே மிஞ்சின.

நம்மவர் வானநூலிற் பின்தங்கியிருந்தனர் என்று இதனாற் கொள்ளலாகாது. வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் தோன்றியபின், யாழ்ப்பாணத்தில் வானநூல் ஊர்ப்பேச்சாகவே இருந்தது. 1829 மார்ச்சுச் சந்திரகிரகணத்தின்போது, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பையும் செமினறித் தலைவர் டானியல் பூவரின் கணிப்பையும் ஊரார் வானத்தைப் பார்த்தே ஒப்பிட்டனர். அங்கே பின்னர்த் தலைமை வகித்த ஹொய்சிங்டன், தமிழர் வானநூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848இல் அச்சிட்டார்.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரையில் ஒரு மிஷன் தொடங்கிற்று. அந்த மதுரை மிஷனைச் சேர்ந்த டெயிலர் பாதிரியாரின் முயற்சியாலேயே, 1857 பெப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில் 'பார்னல்லி' என்று ஆங்கில ஏடுகள் எழுதிய ஊரில் வீழ்ந்த இரு கற்களும் காப்பாற்றப்பட்டன. ஒன்று ஏறக்குறைய 37 இறாத்தல், மற்றது 134 இறாத்தல். பெரிய கல் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் இருக்கிறது. சூரிய குடும்பத்தின் தொடக்கத்தைத் துருவுவோர் இன்றும் அதிலிருந்து கடுகளவு பொடியெடுத்து ஆராய்கின்றனர். நம்மோடு உறவுடைய ஒரு மிஷனின் கவனத்தால் தென்பாண்டிக் கல் ஒன்று உலகக் கல்வியாயிற்று.

இனி, விண்கல்லை இனங்காண்பது எப்படி? இவ்வகையில் யாழ்ப்பாணக் குடாநாட்டார் பேறுடையவர். நம் காலின்கீழ் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மேலே செம்மண்ணும் மணலும். கறுத்துக் கனத்த கல் இங்கே இயற்கையாய்த் தோன்றுவதில்லை. ஆகவே தோட்டத்திற் கிடந்தெடுத்த கரிய கல் ஒவ்வொன்றும் வந்தேறியே. எங்கிருந்து வந்தது என்பதுதான் வினா. பெரும்பாலும் வானத்திலிருந்து அன்று. உடைந்த அம்மி, ஆட்டுக்கல், புகையிரதப் பாதைக்குப் பரப்பிய கருங்கற் சல்லி, கொல்லன் உலைக் கிட்டம் ஆகியவையே மாணவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியவற்றுள் அநேகம். கிட்டம் கறுப்பு, கனம், காந்தத்துக்கும் இசைவது. ஆயினும் அதன் உடலெங்கும் குமிழ்த்துளைகள் இருக்கும். துளைமலிந்த கல்லைக் கண்டால் விண்கல் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

மெய்யான விண்கல்லுக்கு அடையாளங்கள் சில உண்டு. வேகமாய் வரும்போது மேற்பரப்பு உருகி உறைவதால், ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத கரிய தோல் போர்த்தியிருக்கும். தோல் எங்கேனும் பெயர்ந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறமும், ஊசிமுனை போல மின்னும் உலோகப் புள்ளிகளும், சிறு உருண்டைகளும் தெரியலாம். விளிம்புகள் மழுங்கியிருக்கும். சிலவற்றின் மேல், பிசைந்த மாவிற் பெருவிரலால் அழுத்தியது போன்ற குழிகள் காணப்படும். நம் சுண்ணாம்புக்கல் தண்ணீரினும் இரண்டரை மடங்கு சற்று மேலாகக் கனப்பது. சாதாரண விண்கல் மூன்றேகால் முதல் மூன்றரை மடங்குக்குமேல் வரை கனக்கும். இரும்பு விண்கல் எட்டு மடங்கை நெருங்கும். மெருகிடாத பீங்கானின் அடிப்புறத்தில் உரைத்தால் செங்கோடு விழுமாயின் அது பூமியின் இரும்புத்தாதுவே. இவ்வளவும் ஐயத்தை வளர்ப்பதற்கும் குறைப்பதற்கும் உதவுவன. முடிவு கூறுவது ஆய்வுகூடத்தின் வேலை.

அந்த முடிவுக்குப் பொறுத்திராவிட்டால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2012 டிசெம்பர் இறுதியிற் பொலன்னறுவைப் பகுதியில் விழுந்தனவென்று சொல்லப்பட்ட கற்களுள் நுண்ணுயிர்ச் சுவடுகள் உள்ளன என்று சந்திர விக்கிரமசிங்கவும் அவர் கூட்டாளிகளும் 2013இல் அறிவித்தனர். உலகெங்கும் செய்தி பரந்தது. அக்கற்கள் விண்கற்களே என்பதற்குப் போதிய சான்றில்லை என்றும், அச்சுவடுகள் பூமியின் நன்னீரில் வாழும் உயிர்களுடையவை என்றும் பிற அறிஞர் மறுத்தனர். கல் எது என்று நிலைநாட்டுமுன், கல்லினுள் இருப்பது எது என்று வாதிட்டாற் பயன் யாது?

கையாளும் முறைக்கு வருவோம். கிடந்த கல்லை உடனே தூக்காது, கிடந்தபடியே அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் பிடிக்கவேண்டும். இன்று மாணவர் பலரிடம் கைத்தொலைபேசி உண்டு. அதுவே இடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளையும் காட்டும். குழி விழுந்திருந்தால் அதன் ஆழமும் சாய்வும் குறிக்கத்தக்கவை. வெறுங்கையால் தொடாமல், தூய அலுமினியத் தாளிற் சுற்றிப் புதிய பொலித்தீன் பையில் இடுக. கழுவுதல், எண்ணெய் பூசுதல், திருநீறு சந்தனம் சாத்துதல், சுத்தியலால் உடைத்துப் பங்கிடுதல் ஆகிய யாவும் அதன் சாட்சியத்தை அழிப்பன. விண்கல்லின் உலோகத்துக்கு ஈரமும் உப்பும் கூற்றுவன். கடற்காற்று நாற்புறமும் வீசும் நம் தீபகற்பத்தில், ஒரு மாரி கழிந்தாலே அது துருவேறத் தொடங்கிவிடும். ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடிய குப்பியில் வைப்பது நன்று.

காந்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய நூல்கள் பலவும் காந்தத்தை ஒட்டிப் பார்க்கச் சொல்கின்றன. இன்று அது தகாது. கல் பிறந்த உலகத்துக் காந்தப்புலத்தின் நினைவு அதனுள் உறைந்திருக்கும். வலிய காந்தம் ஒருமுறை தொட்டாலே அந்நினைவு அழிந்துவிடும். செவ்வாய்க் கல் பலவற்றின் தொல்பதிவு இவ்வாறு கைக்காந்தங்களால் துடைக்கப்பட்டிருப்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. பாடசாலைத் திசையறிகருவியை மேசைமேல் வைத்து, கல்லை மெல்ல அதனருகே கொண்டுசென்றால் போதும். ஊசி அசைந்தால் உள்ளே இரும்புண்டு.

இவ்வளவும் கூறியபின், நம் மண்ணுக்கே உரிய வேறொன்றையும் கூறாமல் விட முடியாது. பல்லாண்டுப் போர் நடந்த நிலம் இது. மண்ணுள் அரைகுறையாய்ப் புதைந்து துருவேறிக் கனக்கும் இரும்புத் துண்டு, விண்ணிலிருந்து வந்தது என்பதினும் எறிகணையாகவோ வெடியாத குண்டாகவோ இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. மிதிவெடி அகற்றுவோர் இன்றும் வடக்கிற் பணிபுரிகின்றனர். ஆகையால், சீரான உருளை வடிவமோ, வரிப்பள்ளமோ, எழுத்தோ, கம்பியோ தென்படும் எதையும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள், விலகிநின்று பொலிசாருக்கு அறிவியுங்கள். விண்கல் தேடச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லவேண்டிய முதற்பாடம் இதுவே. எந்த உலகத்துக் கல்லும் ஒரு பிள்ளையின் கைவிரலுக்கு ஈடாகாது.

ஏட்டுச்சுவடி தேடிய நம் முன்னோர், ஏட்டோடு அது யார் வீட்டில் கிடைத்தது, எத்தனை ஓலை குறைந்தது என்பனவற்றையும் எழுதிவைத்தனர். வரலாறு தெரியாத சுவடி பாதிச் சுவடி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விண்கல்லும் அத்தகையதே. இன்றிரவு தென்மராட்சியிலோ தீவகத்திலோ ஒரு கல் வீழ்ந்தால், அது முல்லைத்தீவுக் கல்லாகுமா, காசிக் கல்லாகுமா என்பது வானத்தின் கையில் இல்லை. எழுதி வைப்பாரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ புவிச்சரிதவியல் பணியகத்துக்கோ அறிவிப்பாரும் ஊரில் உண்டா என்பதைப் பொறுத்தது அது.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு வானக் குறிப்பேடு போதும். ஒளிகண்ட நேரம், திசை, உயரம், நிறம், ஓசை கேட்டதா, கேட்டதாயின் எத்தனை நொடி கழித்து என்று மாணவர் தாமே எழுதட்டும். பல ஊர்க் குறிப்புகளை ஒப்பிட்டால், கல் வந்த வழியும் விழுந்த இடமும் புலனாகும். அந்தக் குறிப்பேட்டின் முதல் வரியில் "1795 ஏப்பிரல் 13, முல்லைத்தீவு" என்று எழுதித் தொடங்கலாம்.