நீலக் கண் கேட்ட சிறுமி

பழுப்புக் கண்ணின் அருமையைத் தமிழ்நாட்டில் உணர்ந்தார்

அயர்லாந்து நாட்டில் மில்லைல் என்று ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே 1867-ம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர், ஏமி கார்மைக்கேல்.

தாயாருக்கு நீல நிறக் கண்கள். மகளுக்கோ பழுப்பு நிறக் கண்கள். நீலக் கண்தான் அழகு என்று சிறுமி நினைத்தாள். கடவுளிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று தாயார் சொல்லி இருந்தார்.

ஒரு நாள் இரவு, நீலக் கண் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தாள். அப்போது அவளுக்கு வயது 3. பொழுது விடிந்ததும் கண்ணாடியைப் பார்க்க ஓடினாள்.

அதே பழுப்புக் கண்கள்! சிறுமி ஏமாந்து போனாள்.

ரோமக் கையுறை

ஏமி வளர்ந்தார். கிறிஸ்தவ ஊழியம் செய்ய 1893-ல் ஜப்பானுக்குச் சென்றார். அங்கே நோயுற்றிருந்த ஒரு மூதாட்டியிடம் பேசினார். மூதாட்டியும் ஆவலோடு கேட்டார். திடீரென்று அவருடைய பார்வை ஏமியின் ரோமக் கையுறை மீது விழுந்தது. அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு காதில் ஏறவில்லை.

ஏமி வீடு திரும்பினார். மேல்நாட்டு உடையைக் களைந்தார். ஜப்பானியப் பெண்கள் அணியும் கிமோனோவை உடுத்திக்கொண்டார். அழகான உடையே மனிதருக்கு மனிதர் நடுவே சுவராக நிற்கும் என்பது அன்று அவருக்குப் புரிந்தது.

கையில் சூடு

1895-ல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் கற்றார். சேலை கட்டினார்.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம், 7 வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக அவளை வளர்த்து வந்தார்கள். முன்பு ஒரு முறை தப்பி ஓடியதற்காகக் கையில் சூடு போட்டிருந்தார்கள்.

இப்படி இன்னும் எத்தனை குழந்தைகள்? அதை அறிய, சேலை கட்டி, மேனியில் காப்பி நிறம் பூசிக்கொண்டு, அம்மையார் மாறுவேடத்தில் சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

நிறத்தை மாற்றலாம். கண்ணை மாற்ற முடியுமா? நீலக் கண்ணாக இருந்தால், அதுவே "வெள்ளைக்காரி" என்று காட்டிக் கொடுத்திருக்கும்! அன்று அழ வைத்த பழுப்புக் கண்தான் இன்று அவருக்குத் துணை நின்றது.

"அம்மை"

டோனாவூரில் அவர் அமைத்த இல்லத்தில் ஏராளமான குழந்தைகள் வளர்ந்தார்கள். பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது.

1931-ல் அம்மையார் கீழே விழுந்து காயம் அடைந்தார். பிறகு சுமார் 20 ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கைதான். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1951 ஜனவரி 18-ந் தேதி டோனாவூரில் காலமானார்.

கல்லறையில் நினைவுக்கல் வைக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். எனவே குழந்தைகள், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்தான் பொறித்திருக்கிறது:

"அம்மை".